கரீனுக்கு விட்டுக்கொடுக்காதே

அன்புள்ள தம்பி,

இதைத் தமிழில், என் கையால் எழுதுகிறேன். ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஃபோனில் நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று சொல்லிச் சொல்லியே என் கதையை முடித்துவிடுவாய். வாசிக்க நேரமெடுக்கிறது என்று முறைப்பாடு வைக்காதே. இருநூறு வருடத்துக்கு முந்திய சுவீடன் பாதிரிமாரின் கோழிக்கிறுக்கலை எல்லாம் வாசித்துப் பட்டம் வாங்கியவனுக்கு அம்மாவின் எழுத்து ஒரு பாரமா? சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை அழ அழ இழுத்துக்கொண்டு போனதெல்லாம் இந்த ஒரு நாளுக்காகத்தான் என்று வைத்துக்கொள். தேத்தண்ணி ஒன்று போட்டு எடுத்துக்கொண்டு வந்து ஆறுதலாக இருந்து வாசி.

விசயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு நீ ஃபோன் கோல் எடுத்தபோது அப்பா கடைக்குப் போயிருந்தார், வீட்டில் நான் மட்டும்தான். வழக்கமாக என்ன சமையல் என்று தொடங்குகிறவன் அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே, "அம்மா, நான் அந்த வேலையை விடப் போறன்" என்றாய். எனக்கு விளங்கவில்லை. "எந்த வேலை? இப்பதானே கிடைச்சது?" என்றேன். "கிடைச்சதுதான். ஆனா கரீன் அப்பீல் பண்ணியிருக்கிறா. நான் என்ன சொல்லுறன் எண்டு என்னட்டையும் எழுத்திலை கேட்டிருக்கினம். விலகுறன் எண்டு எழுதிக் குடுக்கப் போறன். ஷி நீட்ஸ் இட் மோர் தான் மீ, அம்மா, என்னைவிட அவவுக்குத்தான் இது தேவை" என்றாய். "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். நீ ஓம் என்றாய். இரண்டு பேரும் ஃபோனை வைத்துவிட்டோம். அப்போது நான் விழுங்கிக்கொண்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில், நடந்ததை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார். உன் நாட்டில் (சுவீடனை உன் நாடு என்று எழுதக் கை இன்னும் கொஞ்சம் தயங்குகிறது) ஒரு பல்கலைக்கழகம் நிரந்தர விரிவுரையாளர் வேலைக்கு ஆள் எடுப்பதென்றால், வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து இரண்டு பேராசிரியர்களைப் பிடித்து, விண்ணப்பித்த எல்லாருடைய புத்தகங்களையும் வாசிக்கக் கொடுப்பார்கள். ஆர் முதலாவது, ஆர் இரண்டாவது, ஏன் என்று அவர்கள் விரிவாக எழுதிக் கொடுப்பார்கள். அதை ஒளித்து வைக்கவும் மாட்டார்கள், கேட்கிற எவரும் வாங்கி வாசிக்கலாம். இங்கே ரொறன்ரோவில் ஒரு வேலை கிடைக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்க ஒரு வாசற்படிகூட இல்லை. அங்கே தோற்றவர் தான் எந்த இடத்தில் குறைந்தார் என்று வரிக்கு வரி வாசிக்கலாம், அது பிழை என்று நினைத்தால் மேலே ஒரு சபையிடம் போய்க் கேட்கலாம். உன்னை முதலாவதாகப் போட்டார்கள், கரீனை இரண்டாவதாகப் போட்டார்கள். கரீன் மேலே கேட்டிருக்கிறார். உனக்குச் சுவீடிஷ் பழைய எழுத்தை வாசிக்கப் பழக்கியவர், முதல் குளிருக்குத் தன் மேலங்கியைத் தந்தவர், தன் அலுவலக அறையில் உனக்கொரு மேசை போட்டுத் தந்தவர் இன்னும் சில வருடங்களில் ஓய்வு பெறப் போகிறார். அதனால் உனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. இவ்வளவும் சரிதானே?

இதற்குள் உன் அப்பா செய்த வேலை உனக்குத் தெரியும், ஆனால் முழுதாகத் தெரியாது. வேலை கிடைத்தது என்று நீ சொன்ன அன்றே அவர் தமிழ்ப் பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டு அரைப்பக்க வாழ்த்து விளம்பரம் கொடுத்துவிட்டார். படம், உன் மச்சாளின் கலியாணத்தில் பட்டுவேட்டியோடு நீ முழித்துக்கொண்டு நின்ற படம். "சுவீடன் நாட்டில் வரலாற்றுப் பேராசிரியராகப் பதவியேற்கும் எங்கள் அன்புச் செல்வன்" என்று பெரிய எழுத்தில். நான் தலையில் கையை வைத்துக்கொண்டு, "அவன் விரிவுரையாளரெல்லோ, ஏன் பேராசிரியர் எண்டு போட்டனீங்கள்?" என்று கேட்டேன். "விரிவுரையாளர் எண்டு போட்டால் ஆர் நிண்டு வாசிக்கப் போகினம்?" என்றார். பத்திரிகை வந்த கிழமை இங்கே எங்கள் மல்வேர்ன் கடையில் மரக்கறி வாங்கப் போனால் கத்தரிக்காயை விட்டுவிட்டு எல்லாரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். கோயிலில் ஒருவர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "சுவீடன்காரருக்கு அவையின்ரை சரித்திரத்தையே எங்கடை பெடியன் படிப்பிக்கிறான், என்ன!" என்று சத்தமாகச் சொன்னார். அப்பா ஒரு சாண் உயர்ந்துவிட்டார். அடுத்த கிழமை அப்பீல் என்ற செய்தி வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், விளம்பரம் போட்டாயிற்று, ஆட்கள் என்ன சொல்லுவார்கள் என்பதற்காக நான் உன்னைத் தடுக்கிறேன் என்று நீ நினைக்கக்கூடாது. ஆட்கள் இரண்டு கிழமை கதைப்பார்கள், பிறகு வேறொருவரின் விளம்பரம் வரும்.

நீ ஏன் இப்படி விலகப் பார்க்கிறாய் என்று யோசித்துப் பார்த்தேன். அதில் எங்களுக்கும் பங்கிருக்கிறது. ரொறன்ரோவுக்கு வந்த புதிதில், பார்க்டேலில் அந்த ஒற்றை அறை வீட்டில் நாங்கள் இருந்த காலத்தில் ஊரிலிருந்து வந்து இறங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் எங்களிடம்தான் வந்தார்கள். ஒருவர் போக இன்னொருவர். உன் சின்னக் கட்டில் ஒரு மாதமாவது உனக்கென்று இருந்ததா என்று எனக்கு ஞாபகமில்லை. யாரும் கேட்கமுதலே தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து, "அங்கிள் அதிலை படுக்கட்டும்" என்று சொல்லி எங்கள் பாயின் கரையில் படுத்துவிடுவாய். வந்தவர்கள் எல்லாரும் "என்ன தங்கமான பிள்ளை" என்று உன் கன்னத்தைக் கிள்ளுவார்கள். நாங்களும் பூரித்துப்போவோம். நல்ல பழக்கம்தான், அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. ஆனால் அவ்வளவு புகழ்ந்திருக்கக் கூடாது என்று இப்போது படுகிறது. யாருக்காவது இடம் கொடுத்தால்தான் நீ நல்லவன் என்று நீயாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறாய். பல்கலைக்கழகத்தில் உன் கட்டுரையை இன்னொரு பையன் தன் பெயரையும் சேர்த்து அனுப்பியபோதும் "பரவாயில்லை, அவனுக்குத் தேவை" என்றுதான் சொன்னாய். அன்றைக்கே உன் காதைத் திருகியிருக்க வேண்டும்.

சுவீடனுக்கு நீ போனதே ஒரு வருடத்துக்கு என்றுதான். பரிமாற்ற மாணவன், குளிர் பழகிய பிள்ளை, ஒரு வருடம் இருந்துவிட்டு வரட்டும் என்று நாங்களும் கையசைத்து அனுப்பினோம். பிறகு "இன்னொரு வருசம் அம்மா" என்றாய். பிறகு பாஷை படிக்கிறேன் என்றாய். பிறகு அந்த நாட்டுப் பண்ணைகளில் வேலை செய்த பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யப்போவதாகச் சொன்னாய். எங்கள் சரித்திரம் கிடக்க இவன் ஏன் ஆரோ வெள்ளைக்காரிகளின் மாட்டுக்கொட்டிலைக் கிண்டுகிறான் என்று அப்பா கேட்டார். நீ எனக்குச் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பெண்கள் வருடத்துக்கு வருடம் ஒப்பந்தம் எழுதி வேலை செய்தார்கள், இலையுதிர் காலத்தில் ஒரு கிழமை மட்டும் அவர்களுக்கு விடுதலை, அந்தக் கிழமைக்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பண்ணைக்கு மாறவேண்டும் என்றாய். "அம்மா, அந்தக் கிழமையிலை றோட்டு முழுக்கப் பெட்டியோடை பொம்பிளையள் நடந்து போவினம்" என்று நீ சொன்னபோது உன் குரலில் இருந்த துடிப்பைக் கேட்டுத்தான், இவன் இனித் திரும்பி வரமாட்டான் என்று எனக்கு விளங்கியது.

உன் ஆய்வேட்டுக்கு நடந்த அந்தப் பொது விசாரணைக்கு அப்பாவும் நானும் வந்தோமே. விசாரணை என்று எழுதுவது சரியோ தெரியாது, எனக்கு அது அப்படித்தான் இருந்தது. பெரிய மண்டபம், சனம், முன்னுக்கு நீ. உனக்கு எதிரே ஒரு நெட்டை மனிதர் உன் புத்தகத்தில் மஞ்சள் கடதாசித் துண்டுகளை ஒட்டி வைத்துக்கொண்டு கேள்வி கேட்கத் தொடங்கினார். ஒரு மணித்தியாலம் போனது, இன்னுமொன்று போனது, மனிதர் நிறுத்துகிற பாடில்லை. ஒரு சொல் விளங்காவிட்டாலும் உன் கழுத்து சிவப்பது எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த கரீனின் கையைப் பிடித்து, என் பிள்ளையை இந்த மனிதன் ஏன் இப்படிப் போட்டு வதைக்கிறான் என்று கேட்டேன். அவர் இங்கிலீசில் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்: "அதுக்குத்தான் அவரைக் கூப்பிட்டனாங்கள். எதிர்த்துக் கேக்க ஒருத்தரைத் தேடிப் பிடிச்சு, ரயில் டிக்கெட்டும் போட்டு நாங்களே கூப்பிடுவம். நல்லாக் கேக்கிறார் எண்டால் புத்தகம் நல்லம் எண்டு அர்த்தம்." எனக்குக் கோபம் ஆறவில்லை. இரவு விருந்தில் நான் கொண்டுவந்த பருத்தித்துறை வடையை எல்லாருக்கும் நீட்டிக்கொண்டு போனேன், அந்த மனிதரை மட்டும் தாண்டிப் போய்விட்டேன். கரீன்தான் அதைக் கண்டு, சிரித்துக்கொண்டு, என் கையிலிருந்த பெட்டியை வாங்கி நேரே அவரிடம் கொண்டுபோனார். மனிதர் ஐந்தாறு வடையை எடுத்தது மட்டுமல்ல, எழும்பி நின்று உன்னைப் பற்றி ஒரு பேச்சும் பேசினார். உன் கண் கலங்கியது. அன்றைக்கு அந்த மேசையில் சின்னப்பிள்ளை மாதிரி நடந்தது நான் ஒருத்திதான்.

கரீன் ரொறன்ரோவுக்கு மாநாட்டுக்கு வந்தபோது எங்கள் வீட்டில் தங்கி நின்றதை நான் மறக்கமாட்டேன். காலையில் மல்வேர்ன் பஸ்ஸில் ஷிஃப்ட்டுக்குப் போகிற சனத்தோடு இடிபட்டுக்கொண்டு போவார், பின்னேரம் வந்து புட்டும் சொதியும் கையால் குழைத்துச் சாப்பிடுவார். பார்க்டேலிலிருந்து வீடு மாறினபோது சாமான் தூக்கியது யார், கட்டிலை எப்படிப் படியால் இறக்கினீர்கள் என்று என்னைத் துருவித் துருவிக் கேட்டார். உங்களுக்கெல்லாம் இதே வேலைதானா என்று நான் கேட்டேன். தன்னுடைய வேலையைப் பற்றி அப்போதுதான் சொன்னார். அரை வாழ்க்கையும் ஒரு வருட ஒப்பந்தம், அரை வருட ஒப்பந்தம், ஆராய்ச்சிப் பணம் முடிந்தால் வேறிடம். "அப்ப நீங்களும் அந்தப் பெட்டி தூக்கின பொம்பிளையள் மாதிரித்தான்" என்றேன். "ஓம், வித்தியாசம் என்னெண்டால் எங்களுக்கு அந்த ஒரு கிழமை லீவுகூட இல்லை" என்று சொல்லிச் சிரித்தார். நல்ல மனுசி. அவருக்கு இந்த வேலை கிடைத்தால் எனக்கும் சந்தோசம்தான். அதை ஒளிக்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உன் புத்தகத்தில் ஒரு பெண் வருகிறாளே, வேலையை விட்டுப் போகலாம் என்ற விடுதலைத் துண்டைப் பண்ணைக்காரன் எழுதிக் கொடுக்காமல் மறித்து வைத்தபோது நேரே ஊர் நீதிமன்றத்துக்கு நடந்து போனவள். அவளைக் கண்டுபிடித்த அன்று நீ வேலை நேரத்திலேயே எனக்குக் கோல் எடுத்தாய். "வழக்கிலை அவள் வெண்டாளோ?" என்று கேட்டேன். "இல்லை, தோத்திட்டாள். இன்னொரு வருசம் அங்கைதான் வேலை செய்தவள். ஆனா கேட்டவள் அம்மா! ஒரு வேலைக்காரி எழும்பி நிண்டு கேட்டவள்! அதுதான் விசயம்" என்று கத்தினாய். அவளுக்கு நீ ஒரு முழு அத்தியாயம் கொடுத்திருக்கிறாய். அவளை எதிர்த்து நின்ற பண்ணைக்காரன் "ஐயோ பாவம்" என்று வழக்கைக் கைவிட்டு அவளை அனுப்பியிருந்தால் உனக்கு அத்தியாயமும் இல்லை, அவள் பேரும் இல்லை. அவள் கேட்டால் வீரம், கரீன் கேட்டால் உனக்குத் தாங்கமுடியாத துக்கமா? கரீனைப் பாவம் பார்க்காதே, தம்பி. அந்த மனுசி ஆரும் பாவம் பார்க்கிற நிலையில் இல்லை.

எனக்கும் ஒருமுறை இப்படி நடந்தது. அப்போது நீ பத்தாம் வகுப்பிலோ என்னவோ, உனக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற அந்தக் கிச்சினில் எங்கள் வரிசைக்கு ஒரு லீட் ஹான்ட் வேண்டுமென்று, மற்றவர்களை மேய்க்கிற வேலை, என்னைப் போட்டார்கள். எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் கூட வரும் என்பதால் போட்டார்கள். ஆனால் என்னைவிட முன்னால் வேலைக்கு வந்தவர் உன் சாந்தி அன்ரி. அவர் யூனியனுக்குப் போய் இது பிழை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது வேடிக்கை என்னவென்றால், எனக்கு அப்போது கார் ஓட்டத் தெரியாது. மல்வேர்னிலிருந்து மிசிசாகாவுக்குத் தினமும் என்னை ஏற்றிக்கொண்டு போகிறவரே சாந்தி அன்ரிதான். அடுத்த நாள் காலை வாசலில் அவருடைய ஹோர்ன் சத்தம் கேட்டது. நான் கதவுக்குப் பின்னால் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு, போகவோ விடவோ என்று நின்றேன். அவர் இறங்கி வந்து கதவைத் தட்டி, "என்ன, பஸ்ஸிலயா போகப் போறீங்க? ஏறுங்க, நேரம் போகுது" என்றார்.

நான் ஏறினேன். பாதி வழியில், "அக்கா, நான் விட்டிடுறன், நீங்களே எடுங்கோ" என்றேன். மட்டக்களப்புக்காரரின் கோபத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். "நான் ஒங்களிட்ட கேட்டனானா? நான் கேக்கிற கொம்பனிட்ட. நீங்க ஒங்கட ஞாயத்தச் சொல்லுங்க, நான் என்ட ஞாயத்தச் சொல்றன். நடுவில நீங்க ஓடிப்போனா நான் ஆரோட வழக்குப் பேசுற?" என்று ஸ்டியரிங்கில் அடித்தார். அந்த மாரிக் குளிர் முழுக்க நாங்கள் ஒரே காரில் போய், யூனியன் அறையில் எதிரெதிராக இருந்து கதைத்துவிட்டு, ஒரே காரில் திரும்பி வந்தோம். நான் தோற்றேன். அவருடைய வருடங்கள்தான் பெரிது என்று முடிவு வந்தது. லீட் ஹான்டின் பச்சைத் தொப்பியைக் கழற்றிக் கொடுக்கிறபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, அவர் அதைக் காணாதமாதிரி நின்றார். கொஞ்ச நாள் வயிறு எரிந்ததும் உண்மை. பிறகு நான் ஓய்வு பெறும்வரை அவருக்குக் கீழேதான் வேலை செய்தேன், ஒரு நிமிடம் சும்மா இருக்க விட்டவரில்லை. என் ஞாயத்தைச் சொல்லித் தோற்றேன் என்பதால் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு ஒரு நாளும் கூச்சம் இருந்ததில்லை. தோற்றால் என்ன ஆகும் என்று நீ பயப்படத் தேவையில்லை. நான் தோற்றுப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் ஆகாது.

இனி உனக்குக் கோபம் வரக்கூடிய இடம். நீ விலகப்போகிறேன் என்று சொன்னதும் எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை. சந்தோசம். அங்கே நிரந்தர வேலை இல்லையென்றால் நீ இங்கே வந்துவிடுவாய், அப்பாவின் முழங்காலுக்கு ஒரு துணை இருக்கும், ஞாயிறு தோறும் ஃபோன் திரையில் உன் நெற்றியை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதில்லை. உன் அறைக்குப் புதுத் திரைச்சீலை போடவேண்டும் என்றுகூட அன்று பின்னேரம் யோசித்தேன். அதோடு நின்றேனா? இல்லை. கரீன் இங்கே நின்றபோது தந்த நம்பர் என்னிடம் இருந்தது. சனிக்கிழமை காலை அவருக்குக் கோல் எடுத்துவிட்டேன். எங்கள் ஆட்களுக்கு இப்படி ஒரு வியாதி இருக்கிறது, இரண்டு பேருக்கு இடையில் பிரச்சினை என்றால் நடுவில் போய் நின்று பேசி முடித்துவைக்காமல் இருக்க முடியாது. அவன் விலகுகிறான், நீங்கள் மனம் நோகாதீர்கள், வேலை உங்களுக்குத்தான் என்று சொல்லி அவருடைய நன்றியையும் வாங்கிக்கொண்டு வைக்கலாம் என்பதுதான் என் திட்டம்.

கரீன் நன்றி சொல்லவில்லை. இதையும் எங்கள் தமிழில் எழுதுகிறேன், "அவன் விலகினால் பல்கலைக்கழகம் அந்த வேலையையே மூடிப்போடலாம், அது அவனுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். "சரி, மூடாமல் எனக்கே தந்தாலும், நான் பிறகு அந்த அறையிலை இருந்து ஒவ்வொரு நாளும் என்னத்தை யோசிக்கிறது? எனக்கு வேலை கிடைச்சதோ, அவன் இரக்கப்பட்டுத் தந்ததோ எண்டோ?" என்றார். உங்களுக்குத் தேவை என்று அவன் நினைக்கிறான் என்று நான் இழுத்தேன். "தேவைதான். ஆனா தேவை எண்டு நான் அப்பீல் பண்ணேல்லை. நான் அவனை விடத் திறம் எண்டு நினைக்கிறன். அதாலைதான் பண்ணினனான்" என்றார். முகத்துக்கு நேரே, ஒரு தாயிடம்! எனக்கு எங்கிருந்தோ ரோசம் வந்து, "மன்னிக்கவேணும் கரீன், என்ரை மகன்தான் திறம்" என்றேன். மறுபக்கத்தில் மனுசி விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பச்சைத் தண்ணியில் முகம் கழுவினமாதிரி இருந்தது எனக்கு. திரைச்சீலை எல்லாம் தலையிலிருந்து போய்விட்டது.

வைக்கிறதுக்கு முன்னால் இன்னொன்றும் சொன்னார். உங்கள் இடத்தில் காலையில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு ஒரே மேசையில் இருந்து கோப்பி குடிப்பீர்களாமே, தான் அப்பீல் பண்ணிய நாளிலிருந்து நீ அந்தப் பக்கமே வருவதில்லையாம், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாயாம். "அவனிலை எனக்கு இருக்கிற ஒரே கோபம் அதுதான்" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. என் பிள்ளை பெருந்தன்மையாக நடக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, நீ அங்கே அந்த மனுசியைத் தனிய விட்டிருக்கிறாய். நாளைக்கே போ. அவருக்குப் பக்கத்தில் கதிரை இருந்தால் அதில் இரு, இல்லாவிட்டால் இழுத்துப் போட்டுக்கொண்டு இரு.

நீ அங்கே நிரந்தரமாகிவிட்டால் இந்த வீட்டுக்கு நீ விருந்தாளியாகத்தான் வருவாய் என்று எனக்குத் தெரியும். அது எனக்கு வலிக்கும், வலிக்கட்டும். அப்பாவின் முழங்காலை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ எங்களுக்காகத் தோற்று வருவதைவிட எனக்கு அது சுகம்.

அந்தச் சபை உன்னிடம் கேட்டிருப்பது ஒரே கேள்வி, இதைப் பற்றி நீ என்ன சொல்கிறாய் என்று. பேராசிரியர்கள் தாங்கள் நினைத்ததை எழுதிவிட்டார்கள். கரீன் தான்தான் திறம் என்று எழுதிவிட்டார், என்னிடமும் சொல்லிவிட்டார். நீதான் திறம் என்று நான் சொல்லிவிட்டேன். அப்பா அரைப்பக்கத்தில் படத்தோடு சொல்லிவிட்டார். இன்னும் சொல்லாதவன் நீ ஒருவன்தான். கட்டிலைக் கொடுத்தாய், கட்டுரையைக் கொடுத்தாய், இத்தனை வருடத்தில் "இது எனக்கு வேணும், எனக்குத்தான் உரியது" என்று உன் வாயால் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. வெல்லுவாயோ தோற்பாயோ எனக்குத் தெரியாது. நீ அதைச் சுவீடிஷில் எழுது, எனக்கு விளங்கத் தேவையில்லை. எழுதி முடித்ததும் கோல் எடுத்து, எழுதின அந்த வசனத்தை மட்டும் எனக்கு ஒருமுறை தமிழில் சொல்லு, ராசா. நான் கேட்கவேண்டும்.

உன் வாயிலிருந்து அதைக் கேட்கக் காத்திருக்கும்,
அம்மா